ஆம்ப் போச்சுன்னு சொன்னா உடனே நம்பாதீங்க: புதுசா சப்வூஃபர் மாட்டினா வர்ற கோளாறுகளும் கண்டுபிடிக்கிற வழியும்

போன சனிக்கிழமை தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வர்த்ல நம்ம வீட்டு வாசலுக்கு ஒரு தம்பி போலோ விவோ ஒண்ண ஓட்டிட்டு வந்தான், மதுரைப் பக்கம் பையன், டர்பன் வந்து எட்டு மாசம்தான் ஆகுது, முதல் கார், முதல் சப் (பேஸ் மட்டும் அடிக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கர், அத ஓட்டற ஆம்ப்ளிஃபையர்தான் ஆம்ப்). இறங்கினதுமே "அண்ணே, ஆம்ப் அவுட்டாம்ணே, மாட்டின எடத்துலயே சொல்லிட்டாங்க, புதுசு வாங்கணுமாம்"னு மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு நின்னான். டிக்கியத் தொறந்து பாத்தா ஆம்ப்ல பச்சை லைட் எரியுது, சவுண்ட ஏத்துனா சிவப்பு, கம்மி பண்ணா மறுபடி பச்சை. செத்த ஆம்ப் இப்படி கண்ணடிக்காதுடான்னு சொல்லிட்டு மீட்டர எடுத்தேன்.

இன்ஜின் ஓடுது, பாட்டு ஓடுது, பேட்டரி முனையில 14.1 வோல்ட். ஆம்ப் முனையில 10.6. இடையில மூணரை வோல்ட்ட யாரு தின்னா? கிரவுண்ட் வயர (ஆம்ப்ல இருந்து கார் பாடிக்குப் போற நெகட்டிவ் வயர்) பின் சீட் பெல்ட் போல்ட்ல, பெயின்ட் மேலயே வச்சு முறுக்கியிருந்தாங்க. சீட் பெல்ட் போல்ட்டு உயிரக் காக்குற போல்ட்டு, அதத் தொடவே கூடாது, அது வேற விஷயம். அதக் கழட்டி பழையபடி இறுக்கிட்டு, டிக்கி தரையில பெயின்ட்ட வெள்ளி மாதிரி பளபளன்னு ஆகுற வரைக்கும் சுரண்டி, வேற போல்ட் நட்டு வாஷர் போட்டு வயர மாட்டினேன். 13.5. ஆம்ப் நல்லாத்தான் இருந்துச்சு.

இதனாலதான் எழுத உக்காந்தேன். புதுசா ஆம்பும் சப்பும் வாங்குற நம்மாளுங்களுக்கு திரும்பத் திரும்ப வர்றது ஒரு பத்துக் கோளாறுதான், அதுல ஆம்ப் நிஜமாவே செத்தது நான் பாத்த வரைக்கும் ரொம்பக் கம்மி, மத்ததெல்லாம் வயரு, கிரவுண்டு, கெய்ன் (ஆம்ப்ல இருக்கற ஒரு திருகு), இல்லன்னா வாங்கும்போதே ஓம் (சப்போட மின்தடை) கணக்கு பாக்காம வாங்கினது. கையில ஒரு மல்டிமீட்டர் வேணும். ஹார்ட்வேர் கடையில 150, 200 ரான்டுக்கு கிடைக்கிற மஞ்சக் கலர் மீட்டரே தாராளம்.

லைட்டே எரியல, உயிரே இல்லாம கெடக்கு

ஆம்புக்கு மூணு வயர் சரியா வந்தாத்தான் உயிர் வரும்: பேட்டரி பாசிட்டிவ், கிரவுண்ட், ரிமோட் (ரேடியோ ஆன் ஆனதும் ஆம்ப எழுப்புற சின்ன வயர்). மீட்டர டிசி 20ல வச்சு கறுப்பு முனைய ஆம்போட கிரவுண்ட் ஸ்க்ரூலயே வைங்க, பாடியில வைக்காதீங்க, அப்பத்தான் கிரவுண்டும் சேந்து டெஸ்ட் ஆகும். சிவப்ப பாசிட்டிவ்ல வைங்க. 12க்கு மேல காட்டணும். காட்டலன்னா கறுப்ப மட்டும் எடுத்து பாடியில சுத்தமான இரும்புல வைங்க, இப்ப 12 வந்துச்சுன்னா கிரவுண்ட்தான் கோளாறு, அப்பவும் வரலன்னா பேட்டரி பக்கத்து ஃப்யூஸ். ஃப்யூஸ கண்ணால பாத்து தீர்ப்பு சொல்லாதீங்க. கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் சிலது உள்ள முனையில விட்டுப்போயிருக்கும், வெளிய பாக்க முழுசா இருக்கும், ரெண்டு பக்கமும் தனித்தனியா வோல்ட் பாத்தாத்தான் தெரியும்.

12 வருது ஆனா லைட் இல்லன்னா ரிமோட் வயர். ரேடியோ ஆன்ல இருக்கும்போது அந்த முனையிலயும் 12 கிட்ட வரணும். சந்தேகமா இருந்தா ஒரு துண்டு வயர எடுத்து ஆம்ப் பாசிட்டிவ்ல இருந்து ரிமோட் முனைக்கு ஒரு நொடி தொட்டுப் பாருங்க, லைட் எரிஞ்சா ஆம்ப் ஓகே, ரேடியோவுல இருந்து சிக்னல் வரல. இதுலயே ஒரு வேடிக்கையான கோளாறு இருக்கு: எஃப்எம் போட்டா சப் அடிக்குது, புளூடூத் மாத்தினா செத்துடுது. ரேடியோ பின்னாடி நீல வயர் ரெண்டு இருக்கும், வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்துல வெள்ளைக் கோடு போட்டது ஆம்புக்கு. மாத்தி மாட்டிட்டா சில செட்டுல எஃப்எம் ஓடும்போது மட்டும்தான் கரன்ட் வரும். நான் ஒரு ராத்திரி முழுக்க இதுக்கு மண்டையப் பிச்சுக்கிட்டிருக்கேன்.

காலையில வண்டி ஸ்டார்ட் ஆகல

இதுவும் பெரும்பாலும் ரிமோட்தான். சில பேரு வேலைய சீக்கிரம் முடிக்கணும்னு ரிமோட்ட நேரா பேட்டரி கரன்ட்லயே குத்தி வச்சிருவாங்க. சாவிய எடுத்து கதவப் பூட்டினாலும் ஆம்ப் முழிச்சுக்கிட்டே கெடக்கும். சும்மா இருக்கும்போது ஒரு ஆம்பியர் இழுத்தாக்கூட ஒரு நாளைக்கு 24 ஆம்பியர் அவர், சின்னக் கார் பேட்டரி 45 சுத்துவட்டாரம், சனி ஞாயிறு வண்டி நின்னா திங்கக்கெழமை நீங்க பஸ்ஸுதான். சாவிய எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ரிமோட் முனையில மீட்டர் வைங்க, ஜீரோ காட்டணும்.

கோளாறே இல்லாம பேட்டரி போறதும் உண்டு. 2022, 2023ல லோட்ஷெட்டிங் உச்சத்துல இருந்தப்ப, கரன்ட் இல்லாத ரெண்டு மணி நேரத்துக்கு கார்ல போய் உக்காந்து பாட்டு கேக்குற பழக்கம் நம்ம தெருவுல நெறைய பேருக்கு வந்துச்சு. இன்ஜின் ஆஃப்ல சப் அடிச்சா சாதா கார் பேட்டரி தாங்காது, அடிக்கடி காலியாக்கினா பேட்டரியே சீக்கிரம் செத்துரும்.

சிவப்பு லைட், புரொடெக்ட்

இதப் பாத்ததுமே எல்லாரும் ஆம்ப் போச்சுங்கறாங்க. புரொடெக்ட்னா ஆம்ப் தன்னத்தானே காப்பாத்திக்குதுன்னு அர்த்தம். எதுகிட்ட இருந்து காப்பாத்துதுன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்.

எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் வயர ஆம்ப்ல இருந்து கழட்டுங்க, ஆர்சிஏவையும் (ரேடியோவுல இருந்து ஆம்புக்கு பாட்டக் கொண்டு வர்ற கேபிள்) கழட்டுங்க, பவர் கிரவுண்ட் ரிமோட் மட்டும் இருக்கட்டும். ஆன் பண்ணுங்க. இன்னும் சிவப்பா? மேல சொன்ன மாதிரி வோல்ட் பாருங்க, பவரும் கிரவுண்டும் சுத்தமா இருந்து, ஒண்ணுமே மாட்டாதப்பவும் சிவப்புன்னா அப்பத்தான் ஆம்ப் உள்ள கோளாறு, ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போங்க. பச்சையா மாறிடுச்சுன்னா ஆர்சிஏவ முதல்ல மாட்டிப் பாருங்க, அப்புறம் ஸ்பீக்கர் வயர். எத மாட்டினதும் சிவப்பாகுதோ அதுதான் குத்தவாளி. ஸ்பீக்கர் வயர்ல ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையத் தொட்டுட்டு இருந்தாலும் போதும், டார்ச் அடிச்சுப் பாருங்க.

வயர் சுத்தம்னா சப்போட ஓம்ம அளக்கணும். கழட்டின வயர்லயே மீட்டர ஓம்ஸ்ல வச்சு அளக்கலாம். 4 ஓம் சப்புன்னா 3.2ல இருந்து 3.8 வரைக்கும் காட்டும், 2 ஓம்னா 1.6ல இருந்து 1.9. மலிவு மீட்டர்ல முனை ரெண்டையும் சேத்து வச்சாலே 0.3, 0.4 காட்டும், அதக் கழிச்சுக்கங்க. ஒண்ணுமே காட்டலன்னா காயில் (சப் உள்ள இருக்கற கம்பிச் சுருள்) அறுந்துடுச்சு. ஜீரோ கிட்ட காட்டினா எரிஞ்சு ஒட்டிக்கிச்சு.

எல்லாம் நல்லாருக்கு, ஆனா ஏத்தினா மட்டும் சிவப்புன்னா, ஒண்ணு நம்ம போலோ தம்பி கதை, வோல்ட் விழுது. இன்னொண்ணு ஓம் பொருந்தல, அதுக்கு கீழ வர்றேன்.

அரை மணி நேரம் அடிச்சுட்டு நிக்குது, ஆறினா மறுபடி அடிக்குது

சூடு. பிப்ரவரி மாசத்துல டர்பன் வெக்கையும் புழுக்கமும் உங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, அதுல ஆம்ப டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில பொதச்சு வச்சா அது என்ன பண்ணும். ஆம்ப் மேல இருக்கற அலுமினிய மடிப்புக்கு காத்து வேணும். சப் பொட்டி மேலயே ஸ்க்ரூ போட்டு மாட்டாதீங்க, அதிர்ந்து அதிர்ந்து உள்ள சால்டர் விட்டுப்போகும். காத்தோட்டமா வச்சும் நிக்குதுன்னா அதுவும் ஓம் கதைதான்.

ஓம் கதை, அதாவது வாங்கும்போதே வாங்கிட்டு வர்ற கோளாறு

பொட்டியில 3000 வாட்ஸ்னு பெருசா போட்டிருப்பான். அதப் பாக்காதீங்க, ஆம்ப் ஓரத்துல சொருகியிருக்கற ஃப்யூஸப் பாருங்க. 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணு இருந்தா, 30ஐ 13.8ஆல பெருக்கினா 414 வாட்ஸ், உள்ள போறதே அவ்வளவுதான். கிளாஸ் டி ஆம்ப் அதுல ஒரு 80 சதவீதத்த வெளிய குடுக்கும், 330. பழைய மாடல் கிளாஸ் ஏபின்னா 250 தேறும். 3000ம் வராது, 1000ம் வராது. ஆர்எம்எஸ்னு (விடாம தொடர்ந்து குடுக்கற பவர்) போட்டிருக்கற நம்பர் மட்டும்தான் நம்பர், அதுவும் பக்கத்துல எத்தன ஓம்னு போட்டிருக்கணும். சிஇஏ-2006 இல்லன்னா சிடிஏ-2006னு முத்திரை இருந்தா 14.4 வோல்ட்ல, 1 சதவீத டிஸ்டார்ஷனுக்குள்ள அளந்து போட்ட நம்பர்னு எடுத்துக்கலாம்.

அடுத்து சப். நெறைய சப்புல காயில் ரெண்டு இருக்கும். 4 ஓம் காயில் ரெண்ட பாரலல்ல குடுத்தா 2 ஓம், சீரிஸ்ல குடுத்தா 8. 2 ஓம் காயில் ரெண்டுன்னா பாரலல்ல 1, சீரிஸ்ல 4. இப்ப உங்க ஆம்ப் 2 ஓம் வரைக்கும்தான் தாங்கும்னு வைங்க, நீங்க 2 ஓம் காயில் சப்ப வாங்கிட்டு வந்து பாரலல்ல மாட்டினீங்கன்னா 1 ஓம், மெதுவா கேட்டா ஒழுங்கா ஓடும், ஏத்தினா சூடாகும், சிவப்பாகும், கடைசியில நிஜமாவே சாகும். 4 சேனல் ஆம்ப்ல ரெண்டு சேனல பிரிட்ஜ் பண்ணா (ஒரே சப்புக்கு ஒண்ணா சேத்துக் குடுத்தா) பெரும்பாலும் 4 ஓம்முக்கு கீழ போகவே கூடாது. அதனால ஆம்ப் எந்த ஓம்ல பவர் குடுக்குதுன்னு முதல்ல பாத்துட்டு அதுக்குத் தகுந்த காயில் சப்ப எடுங்க. சப்ப முதல்ல பாத்து மயங்கிட்டு ஆம்ப அப்புறம் தேடுறதுதான் எல்லாரும் பண்றது, நானும் அப்படித்தான் பண்ணேன்.

முதல் தடவைன்னா 10 இல்ல 12 இன்ச்ல ஒரே ஒரு சப், 300ல இருந்து 500 ஆர்எம்எஸ் மோனோ (ஒரே சேனல்) கிளாஸ் டி ஆம்ப், மூடின பொட்டி. இதுக்கு மேல எதுவும் வேணாம். மினிபஸ் டாக்ஸில அடிக்கிற அடியப் பாத்துட்டு அதுதான் வேணும்னு வர்றவங்க கொஞ்சம் பொறுங்க.

வயர் கிட்டுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. சிசிஏன்னு ஒண்ணு வருது, அலுமினியத்து மேல செம்பு பூசினது, அதே தடிமனுக்கு சுத்த செம்ப விட கரன்ட்டுக்கு அதிகமா தடை குடுக்கும். கத்தியால ஒரு இழையச் சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். நம்ம ஊரு மாதிரி கடல்காத்து அடிக்கிற எடத்துல, மெர்பேங்க், பிளஃப் பக்கமெல்லாம், அது ஒண்ணு ரெண்டு வருஷத்துல முனையில பொடியா பூத்துரும். ஆம்ப் புத்தகத்துல 4 கேஜ், 8 கேஜ்னு போட்டிருக்கும், இங்க கடையில சதுர மில்லிமீட்டர்ல கேக்கணும்: 4 கேஜ்னா 21 கிட்ட, 8 கேஜ்னா 8.4. கடையில 16, 25னு வர்ற வெல்டிங் கேபிள் வாங்கினாலும் சரி, செம்பான்னு மட்டும் பாத்துக்கங்க. 500 வாட்ஸ் ஆம்ப் முழுசா அடிக்கும்போது 45 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு 25 போடுங்க. ஃப்யூஸ் பேட்டரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள இருக்கணும், அது ஆம்ப காப்பாத்தறதுக்கு இல்ல, வயர் எங்கயாவது உரசி பாடியத் தொட்டா கார் எரியாம இருக்கறதுக்கு.

பச்சை லைட் இருக்கு, சத்தம் மட்டும் இல்ல

ரேடியோ செட்டிங்ல போய் சப்வூஃபர் அவுட்புட் ஆன்ல இருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, நாலுல ஒண்ணு இதுதான். அடுத்து ஹெட்ஃபோன் முனையில இருந்து ஆர்சிஏவுக்கு மாத்தற கேபிள் ஒண்ண வச்சு போன நேரா ஆம்ப்ல குத்துங்க, வால்யூம் கீழ வச்சுட்டு மெதுவா ஏத்துங்க. அடிச்சா ஆம்பும் சப்பும் சரி, கோளாறு ரேடியோவுலயோ ஆர்சிஏ கேபிள்லயோ. அடிக்கலன்னா ஸ்பீக்கர் வயரு, காயில்.

ஆக்சிலரேட்டர் மிதிச்சா கூடவே விசில் ஏறுது

இன்ஜின் வேகத்தோட சேந்து ய்ய்ங்னு ஏறி இறங்கினா ஆல்டர்னேட்டர் சத்தம் கிரவுண்ட் வழியா உள்ள வருது. முதல்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஆம்ப் பக்கம் ஆர்சிஏவ கழட்டி, மறுபடி ஆன் பண்ணிப் பாருங்க. விசில் போயிடுச்சுன்னா அது ஆர்சிஏ வழியாவோ ரேடியோவுல இருந்தோ வருது, போகலன்னா ஆம்ப் பவர், கிரவுண்ட் பக்கம். பெரும்பாலும் முதலாவதுதான். பவர் வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கம் ஒட்டிக்கிட்டு ஓடக்கூடாது, ஒண்ணு வலது கதவோரம்னா இன்னொண்ணு இடது கதவோரம், எங்கயாவது குறுக்க போயே ஆகணும்னா கூட்டல் குறி மாதிரி வெட்டிட்டுப் போகட்டும். ஆம்ப் கிரவுண்ட் வயர் அரை மீட்டருக்குள்ள, பவர் வயர் தடிமனுக்கே இருக்கணும்.

இன்னொண்ணு முக்கியம். ரேடியோ ஆன்ல இருக்கும்போது ஆர்சிஏவக் கழட்டி மாட்டாதீங்க. சில ரேடியோ உள்ள ஆர்சிஏ கிரவுண்டுக்கு மயிரிழை மாதிரி ஒரு ஃப்யூஸ் இருக்கும், அது போச்சுன்னா அதுக்கப்புறம் எந்த வயர மாத்தினாலும் விசில் போகாது. பாக்கறதுக்கு: மீட்டர ஓம்ஸ்ல வச்சு ரேடியோ பின்னாடி ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் ரேடியோ உடம்புக்கும் நடுவுல அளங்க, ஒண்ணுமே காட்டலன்னா பெரும்பாலும் அதுதான். விசில் ஃபில்டர்னு ஒண்ணு விக்கறாங்களே, அத கடைசியா வாங்குங்க. சில ஃபில்டர் விசிலோட சேத்து பேஸையும் தின்னுடும்.

அடிக்கு அடி ஹெட்லைட் மங்குது

ராத்திரி ரோபோல நிக்கும்போது முன்னாடி வண்டி மேல உங்க லைட் பாட்டுக்குத் தாளம் போடும் (இங்க சிக்னலுக்கு ரோபோன்னு பேரு, வந்த புதுசுல "அடுத்த ரோபோல லெஃப்ட்"னு ஒருத்தர் வழி சொன்னப்ப நான் பொம்மையத் தேடினேன்). இதுக்கு எல்லாரும் கெப்பாசிட்டர் வாங்கச் சொல்லுவாங்க. கணக்கப் பாருங்க: ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்ல இருந்து 12க்கு இறங்கினா அது குடுக்கறது 26 ஜூல்தான், நொடிக்கு 600 ஜூல் இழுக்கற ஆம்புக்கு அது ஒரு நொடியில இருவதுல ஒரு பங்குக்குக்கூட காணாது. அந்தக் காசுல பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும், இன்ஜின்ல இருந்து பாடிக்கும், ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரி பாசிட்டிவுக்கும் தடிமனா மூணு வயர் போடுங்க. கடைசி வயருக்கு அதோட தடிமனுக்குத் தகுந்த ஃப்யூஸ் கட்டாயம். 2009 வரைக்கும் வந்த சிட்டி கோல்ஃப் மாதிரி பழைய வண்டின்னா அந்த ஒரிஜினல் கிரவுண்ட் பட்டையே பச்சை பூத்து கெடக்கும், அதக் கழட்டி தேச்சாலே பாதி மங்கல் போயிரும். அதுக்கப்புறமும் மங்கினா பேட்டரியவும் ஆல்டர்னேட்டரையும் செக் பண்ணுங்க.

சத்தம் உடையுது, கரகரங்குது, தித்திப்பா ஒரு வாசனை வருது

வாசனை வந்தா உடனே நிறுத்துங்க, காயில் வார்னிஷ் வேகுது. என் முதல் சப் இப்படித்தான் போச்சு. கெய்ன் திருகு வால்யூம்னு நெனச்சு முழுசா திருகி வச்சிருந்தேன். அது வால்யூம் இல்ல, ரேடியோவுல இருந்து வர்ற வோல்ட்டுக்கு ஆம்ப ஈடுகட்டறது. அதிகமா வச்சா அலையோட தலை வெட்டுப்பட்டு காயில்ல சூடு ஏறிக்கிட்டே இருக்கும்.

மீட்டர வச்சு கெய்ன் வைக்கலாம். சப் வயரக் கழட்டுங்க, பேஸ் பூஸ்ட், ஈக்யூ எல்லாம் ஜீரோ, கெய்ன் ஜீரோ, ரேடியோ வால்யூம் முக்கால். 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ண டவுன்லோட் பண்ணி ஓட விடுங்க, வீட்டு கரன்ட்டும் 50 ஹெர்ட்ஸ்தான், அதனால மலிவு மீட்டர்கூட ஏசி வோல்ட்ல அத சரியா அளக்கும். இப்ப வாட்ஸ ஓம்மால பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுங்க: 300 வாட்ஸ் 2 ஓம்னா 24.5 வோல்ட், 500 வாட்ஸ் 2 ஓம்னா 31.6, 500 வாட்ஸ் 1 ஓம்னா 22.4. ஆம்ப், சப் ரெண்டுல எதோட ஆர்எம்எஸ் கம்மியோ அத கணக்குக்கு எடுங்க. ஸ்பீக்கர் முனையில அந்த வோல்ட் வர்ற வரைக்கும் கெய்ன மெதுவா ஏத்தி நிறுத்துங்க. டோன நிறுத்திட்டு சப்ப மாட்டுங்க. அந்த முக்கால தாண்டி வால்யூம் போகக்கூடாது.

அடிக்குது, ஆனா பேஸே இல்ல

டிரைவர் சீட்ல வெறும் காத்து, டிக்கியத் தொறந்தா நல்லா அடிக்குதுன்னா, சப்போட பிளஸ் மைனஸ மாத்தி மாட்டிப் பாருங்க. கதவு ஸ்பீக்கர் வெளிய தள்ளும்போது சப் உள்ள இழுத்தா ஒண்ண ஒண்ணு தின்னுரும். எது சீட்ல கனமா கேக்குதோ அது சரி. ரெண்டு காயில் இருக்கற சப்புல ஒரு காயில் மட்டும் தலைகீழா மாட்டினாலும் சத்தம் சுத்தமா செத்துரும். லோ பாஸ் கிராஸ்ஓவர (அதுக்கு மேல இருக்கற சத்தத்த வெட்டற ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ்ல வைங்க. ஓட்டை வச்ச பொட்டின்னா சப்சானிக் ஃபில்டர (ரொம்பக் கீழ இருக்கற பேஸ வெட்டறது) 25, 30 கிட்ட போடுங்க, இல்லன்னா கோன் எட்டித் தாவும்.

டெஸ்ட் பண்ண எல்லாரும் ஹிப்ஹாப் போடுவாங்க, நான் தவில்தான் போடுவேன். தொப்பிப் பக்கம் (கனமா பேசற இடது பக்கம்) விழற அடியும் வலந்தலைச் (வலது பக்கம்) சொல்லும் தனித்தனியா கேக்கணும், தொப்பி அடி ஊம்னு இழுத்துக்கிட்டே நின்னா கிராஸ்ஓவர் மேல இருக்கு, இல்லன்னா பேஸ் பூஸ்ட் இன்னும் போட்டிருக்கீங்க.

போலோ தம்பிக்கும் அன்னிக்கு இதத்தான் போட்டேன். தொப்பி சுத்தமா விழுந்துச்சு, ஆனா அடிக்கு அடி கூடவே ஒரு சட்டசட்ட சத்தம். "அண்ணே, சப் கிழிஞ்சிருச்சாண்ணே"ன்னு பதறிப் போய் டிக்கிப் பக்கம் ஓடினான். நான் பின்னாடி நம்பர் பிளேட்ட கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சேன், சத்தம் நின்னுச்சு. கதவிடுக்குக்கு ஒட்டற ஸ்பாஞ்ச் டேப்புல நாலு துண்டு வெட்டிக் குடுத்தேன், பிளேட்டுக்கு அடியில அவனே ஒட்டிக்கிட்டான்.